பிள்ளைமடுவத்துக்கு மேல் வளைவில் ஒரு கடை

உடப்புசல்லாவையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைமடுவம் ரோட்டுக்குக் கீழே இருந்தது. மேல் வளைவில் கடை. அதைத் தாண்டினால் மாரியம்மன் கோயில், அடுத்த திருப்பத்தில் பள்ளிக்கூடம். பள்ளிக்கு இத்தனை மீட்டருக்குள் போதைப்பொருள் விற்பவனுக்குத் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அந்த ரோடுதான் ஞாபகம் வரும். மலையைக் குடைந்து போட்ட ஒற்றை ரோட்டில் எதற்கு எது தூரம்?

அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் என்னை மடுவத்து ஆயாவிடம் விட்டுப் போவார். அம்மாவின் இடுப்பில் எப்போதும் வெத்தலைப் பை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு போயிலை. குளிருக்கு அது, பசிக்கும் அதுதான். காலில் ஏறிய அட்டை மேல் அந்த எச்சிலைத் துப்பினால் சுருண்டு விழும். ஆயா வாயிலும் அதே வாசம். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்த வாசத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதைப் போதை என்று யாரும் சொன்னதில்லை.

போதை என்றால் தவறணை, சாராயக் கடை. நானுஓயாவிலிருந்து ராகலைக்குக் குட்டி ரெயில் 1904இல் வந்து சேர்ந்தது. மேலே அரிசி வந்ததாம், கீழே தேயிலைப் பெட்டி போனதாம். சாராயப் பீப்பாயும் கூடவே வந்தது என்பார் தாத்தா. சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் பெண்கள் காத்து நிற்பார்கள், காசு தவறணைக்குப் போகுமுன் கையில் வாங்கிவிட. 1912இல் வெள்ளைக்காரன் மதுவரிச் சட்டம் கொண்டுவந்து கள்ளுக்கடைகளைப் பெருக்கியபோது இலங்கையில் பெரிய மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. சேனாநாயக்க சகோதரர்கள் அதில் முன்னின்றார்கள். அந்த இயக்கம் பேசியது கிராமத்தைப் பற்றி. நாங்கள் குடியிருந்த லயத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. 1948இல் அந்த ரெயிலும் நின்றது, தோட்டத் தமிழரான எங்கள் குடியுரிமையும் போனது. இரண்டில் எதற்கு முதலில் அழுதார் என்று தாத்தா சொன்னதில்லை.

நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டினது. நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த 1984இல் அதைத் திருத்தினார்கள். 2 கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022இல் மறுபடி திருத்தி, 5 கிராம் ஐஸ் போதைப்பொருளுக்கும் அதே தண்டனை. 1976க்குப் பின் இந்த நாட்டில் ஒருவரையும் தூக்கில் போட்டதில்லை என்பது வேறு கதை. சட்டம் கிராமில் நிறுத்தது. என் பள்ளிப் பிள்ளைகள் கையில் கிடைத்ததோ சில்லறைக் காசுக்கு ஒரு பக்கெட்.

ஓய்வு பெற்ற வருஷம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் பென்சில் பெட்டியில் பாபுல் பக்கெட் இருந்தது. பாக்கோடு புகையிலையும் வாசனைச் சரக்கும் கலந்த சாமான். "போயிலை இல்ல சார், பாக்குதான்" என்றான். பக்கெட்டில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாயைக் கூப்பிட்டனுப்பினேன். கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து நேரே வந்து நின்றார். இடுப்பில் வெத்தலைப் பை. பாடம் பண்ணி வைத்திருந்த புத்திமதி ஒன்றும் என் வாயில் வரவில்லை. "பிள்ளையைப் பார்த்துக்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்தான்.

அதே வருஷம், 2016 செப்டம்பரில், அந்த வகை மெல்லும் புகையிலைச் சாமான்களைத் தடை செய்து வர்த்தமானி வந்தது. என்னைக் கேட்டால், இந்த மலைக்கு வந்த போதைச் சட்டங்களில் உருப்படியானவை இரண்டுதான். ஒன்று இது. மற்றது, 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டும் மதுவும் விற்கக்கூடாது என்ற 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். தூக்குக் கயிற்றைக் காட்டி மிரட்டாமல் கடை மேசையில் கை வைத்தவை இவைதான்.

வளைவுக் கடை இன்னும் இருக்கிறது. 21 வயது அறிவிப்பும் சுவரில் ஒட்டியிருக்கிறது. போன சனிக்கிழமை சாயங்காலம் அங்கே நின்றிருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று காசை நீட்டி, அப்பாவுக்கு என்று சொல்லி இரண்டு சிகரெட் வாங்கிக்கொண்டு போனது.