பிரசவ அட்டைக்கு அப்பால்: தமிழ்நாட்டில் நடுவயதுப் பெண்களின் நோய்த்தடுப்பும் உடலறிவும்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகளின் நாள். எடை பார்ப்பார்கள், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ஹீமோகுளோபின் எவ்வளவு, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று சோதித்து எல்லாவற்றையும் அட்டையில் ஏற்றுவார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, வராந்தா பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பிறகு இரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொட்டுவிட்டால் அது கர்ப்பகால நீரிழிவு. ஒரு பெண்ணின் உடலை அரசு இத்தனை அக்கறையோடு அளந்து பார்க்கும் காலம் அவள் வாழ்நாளில் வேறு இல்லை. பிள்ளை பிறந்ததும் அட்டையின் வேலை முடிந்துவிடுகிறது. தடுப்பூசிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அதே வாசலுக்குப் பலமுறை வருவாள். ஆனால் நோயாளியாக அவள் பெயர் மறுபடி பதிவாவது பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான், தலைசுற்றலோடோ காலில் ஆறாத புண்ணோடோ.

நடுவயதுப் பெண்களின் நோய்கள் முற்றிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அவர்களிடம் விழிப்புணர்வு இல்லை என்பது. கருத்தரங்குகளிலும் அரசு ஆவணங்களிலும் இந்த விளக்கம் கேள்விக்கு உட்படாமலே புழங்குகிறது. நான் அதை ஏற்கவில்லை. அந்தப் பெண்களைப் பற்றிய முக்கியமான தகவல் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சுகாதாரத் துறையின் கையில் இருந்தது. அதன் பொருளை அவர்களுக்கு விளக்கி, அதைப் பின்தொடர ஏற்பாடு செய்யாததுதான் குறை. உடலைப் பற்றிய அறிவு, சோதனையோடும் சிகிச்சையோடும் கைகோத்து வரும்போது மட்டுமே உயிரைக் காக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே வலுவான சான்று இருக்கிறது.

முதலில் அட்டையில் இருக்கும் எண்களைப் பார்ப்போம். "மாசமா இருந்தப்ப சுகர் இருந்துச்சு, பிள்ளை பொறந்ததும் போயிருச்சு" என்று பெண்கள் சொல்வதில் தவறில்லை. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. நஞ்சுக்கொடி வெளியேறியதும் சர்க்கரை இறங்கிவிடுகிறது. ஆனால் அந்தச் சுமையை ஈடுகட்டக் கணையத்தால் முடியவில்லை என்ற உண்மை இறங்குவதில்லை. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்கு என்று 2009இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு கணித்தது. 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இன்னும் விரிவான தொகுப்பாய்வு அதைக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு என்றது. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறியவர்களின் கதையும் இதுவே: பிற்காலத்தில் நிரந்தர இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல். முப்பது வயதுக்குள் உடல் தானாகவே தந்துவிடும் முன்னறிவிப்பு இது. ஆண்களுக்கு இப்படியொரு வாய்ப்பு கிடைப்பதில்லை.

கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை என்று நாட்டிலேயே முதலில் முடிவெடுத்த மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. சென்னையின் நீரிழிவு மருத்துவர் வீ. சேஷையா பல்லாண்டு வலியுறுத்தியதன் பலன் அது. வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை, ஒரே முறை இரத்தம் எடுத்தால் போதும் என்று கிராமத்துப் பெண்ணின் நடைமுறை அறிந்து அவர் எளிமையாக்கிய முறைதான் இன்று தேசிய வழிகாட்டுதலிலும் இருக்கிறது. பிரசவமான ஆறாம் வாரம் தாய்க்கு மறுபடி சோதனை செய்ய வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம் வழக்கப்படி வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகிறாள். பதிவு ஓர் ஊரில், பிரசவம் வேறோர் ஊரில். குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீடு திரும்புகிறாள். கர்ப்பத்தில் அவளைக் கவனித்த கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஆறாம் வாரம் அவள் கண்ணில் படமாட்டாள். தாய்வீட்டு ஊரின் செவிலியருக்கோ அவளுடைய பழைய சர்க்கரை அளவு கைக்கு எட்டிய தகவலாக இருப்பதில்லை. பிள்ளைக்கு அதே ஆறாம் வாரம் தடுப்பூசி போட வேண்டும். அதற்காக ஏதோ ஒரு புதன்கிழமை ஏதோ ஒரு சுகாதார நிலையத்துக்கு அவள் வந்தே தீருவாள். வந்து நிற்கும் இருவரில் ஒருவரை மட்டும் கவனித்து அனுப்புகிறோம். கர்ப்பிணிகளுக்கான பதிவு எண் ஊர் மாறினாலும் மாறாதது. அந்த எண்ணைத் திறந்தால் தாயின் சர்க்கரை அளவும் முன்னே வர வேண்டும். அன்றைக்கே அவளுக்கும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவையில்லை.

பிள்ளைப்பேற்றோடு பெண் பார்வையிலிருந்து மறைவது சுகாதார நிலையத்தில் மட்டும் நடப்பதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு பெண்களை விரிவாகப் பேட்டி காண்பது 15 முதல் 49 வயது வரை. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அளக்கப்பட்டன. அது நல்ல முன்னேற்றம். ஆனால் என்ன சோதனை செய்துகொண்டாய், உன் மருத்துவத்துக்கு யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்விகள் 49இல் நின்றுவிடுகின்றன. பெண்களின் மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் எலும்புத் தேய்மானமும் வேகம் பிடிப்பது அதற்குப் பிறகுதான். 49 வரை கேட்டதற்குக் கிடைத்த விடையும் ஆறுதல் தருவதாக இல்லை. 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. மாநிலங்களிடையே நாம் முன்னணியில் நிற்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். பத்தில் ஒன்பது பெண்கள் சோதிக்கப்படவில்லை என்பதும் அதே எண்தான்.

சோதிக்க வாய்ப்பிருந்தால் பெண்கள் வருவார்களா? வருவார்கள் என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் காட்டியிருக்கிறது. அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாகக் கொண்டு 2000 முதல் 2003 வரை நடந்த ஆய்வில், 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். 31,343 பேர் வந்தார்கள், அதாவது ஏறக்குறைய 64 விழுக்காடு. பெரும்பாலும் விவசாயக் கூலிவேலை செய்யும் பெண்கள். சோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறத் தொடங்கிய திசு வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தவர்களுக்கு அடுத்த கட்டப் பரிசோதனையும், தேவையான இடத்தில் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சையும் செவிலியர்களே செய்தார்கள். ஒரே ஒரு முறை செய்த அந்தச் சோதனை, ஏழு ஆண்டுக்குள் கருப்பைவாய்ப் புற்றுநோயை 25 விழுக்காடும் அதனால் வந்த மரணத்தை 35 விழுக்காடும் குறைத்தது. 2007இல் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் வெளியிட்ட இந்த முடிவு உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. விளைந்த ஊரில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இதற்கு எதிர்ப்புறம் ஷாங்காயில் நடந்தது. 1989இல் தொடங்கி, நெசவாலைகளில் வேலைசெய்த சுமார் 2,66,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தம் மார்பகத்தைத் தாமே சோதிக்கும் முறையைக் கவனமாகக் கற்றுக்கொடுத்தார்கள். மாதிரி மார்பகத்தில் பயிற்சி, நேரடிக் கண்காணிப்பு, திரும்பத் திரும்ப நினைவூட்டல் என்று எதிலும் குறை வைக்கவில்லை. பத்தாண்டு முடிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தோர் கற்றவர்களில் 135 பேர், கல்லாதவர்களில் 131 பேர். தீங்கற்ற கட்டிகளுக்கான அறுவைதான் கூடியது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை வேறு வழியில் போனது. பத்தாம் வகுப்புப் படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை குடிசைப் பகுதிப் பெண்களின் மார்பகத்தைச் சோதிக்கச் செய்தார்கள். கட்டி தெரிந்தால் உடனே மருத்துவமனை. மொத்தத்தில் மரணக் குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எல்லாப் பொறுப்பையும் பெண்ணின் தலையில் கட்டும் சுவரொட்டிப் பிரச்சாரங்களின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மார்பகத்தில் மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் வரச்சொல்வது அவசியம். வந்தவளைத் தொட்டுப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு கை அங்கே இருக்க வேண்டும் என்பது அதைவிட அவசியம்.

மாதவிலக்கு நிற்கும் பருவம் இந்த இடைவெளியின் மிக ஆழமான பகுதி. பூப்புக்கு நீராட்டு, கருவுற்றால் வளைகாப்பு என்று பெண்ணுடலின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சடங்கு வைத்திருக்கும் சமூகம், இந்தத் திருப்பத்தைப் பேசாமலே கடந்துபோகிறது. விலக்கு நின்று ஓராண்டு கழித்து மறுபடி உதிரப்போக்கு கண்டால் அது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்த வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது என்று பெண்கள், அதிலும் கணவனை இழந்தவர்கள், மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். மாரடைப்பும் அப்படியே. ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு பெண்களின் இதயநோய் ஆபத்து ஏறுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் சினிமாக் காட்சியைப்போல அது எப்போதும் வருவதில்லை. தாடை வலி, மேல்முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரும். வீட்டார் வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள், சில மருத்துவர்களும் கேஸ் மாத்திரை எழுதுவார்கள். கற்பிக்க வேண்டியவர் பட்டியலில் மருத்துவரும் இருக்கிறார்.

பிள்ளைப்பேறு முடிந்தபின் கருப்பை வேண்டாத உறுப்பு என்ற எண்ணம் இதே இடைவெளியில்தான் வேரூன்றுகிறது. வெள்ளைப்படுதலுக்கும் அதிக உதிரப்போக்குக்கும் பெரும்பாலும் மருந்திலேயே தீர்வு இருக்க, "எடுத்துட்டா நிம்மதி" என்று நாற்பதுக்கு முன்பே பெண்கள் அறுவைக்கு அனுப்பப்படுகிறார்கள். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே இது எந்த அளவுக்குப் போனது என்பது 2019இல் வெளிவந்தது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் ஒரே நாளில் மாதவிலக்கு முற்றும். இதயமும் எலும்பும் பத்தாண்டு முன்னதாகவே பாதுகாப்பை இழக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் அந்த உரிமையைத் தருவதில்லை.

முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை இன்று தமிழ்நாட்டுப் பெண்கள் அதிகம் கேட்பது மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் வழியாக. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். பல்லாண்டு போராடி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பெண்ணின் உடல்நலத்தைப் பிரசவத்தோடு நிறுத்தாமல் கடைசிவரை பார்த்த பார்வை அது. அதன் ஒரு பாதியைத்தான் அரசு இறுகப் பிடித்திருக்கிறது.

மறுபாதிக்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த மகளிர் தன்னார்வலர்கள் மூலம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது தகுதியானதே. ஆனால் மாத்திரை போய்ச் சேர்வது நோய் வந்தவரிடம். முப்பத்தைந்து வயதில், கர்ப்பத்தில் சர்க்கரை இருந்து இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணின் வீடும் அந்தத் தன்னார்வலரின் பட்டியலில் இடம்பெற வேண்டும். பழைய அட்டையே அந்தப் பட்டியலைத் தந்துவிடும்.

ஏற்கெனவே சுமை தாங்காமல் தவிக்கும் செவிலியர் தலையில் இதையும் ஏற்றுவதா என்ற கேள்வி நியாயமானது. ஒரே தகவலைப் பல பதிவேட்டிலும் செயலியிலும் திரும்பத் திரும்ப ஏற்றும் அவர்களின் நேரத்தை முதலில் விடுவிக்க வேண்டும்; தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகை என்ற பெயரில் தரப்படுவதை ஊதியமாக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு அசிட்டிக் அமிலச் சோதனை அவ்வளவாகப் பயன்படாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயது ஏற ஏற, பார்க்க வேண்டிய திசு கருப்பைவாயின் உள்வழிக்குள் ஏறிவிடுகிறது. அவர்களுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமியைக் கண்டறியும் சோதனை வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்ததும் அதுவே. அதற்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம், காலை விரித்துப் படுக்கும் கூச்சம் இல்லை. செலவு அதிகம்தான். ஆனால் மராட்டியத்தின் உஸ்மானாபாத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒரே முறை செய்த அந்தச் சோதனை கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணத்தை ஏறக்குறையப் பாதியாக்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வேண்டாம், நாற்பதை ஒட்டி ஒரே ஒரு முறை என்று தொடங்கினால்கூட மாநிலத்தின் நிதிநிலை அதைத் தாங்கும்.