வரப்பில்லாத வானம்

2018 ஜூலை மாத இறுதியில் ஒரு நாள், பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள பூலோக்-ஆன்-கெர்சி என்னும் சிற்றூரின் வானில், விங்சூட் அணிந்து குதித்த ஒருவரை ஒரு விமானத்தின் இறக்கை தாக்கிக் கொன்றது. சற்று முன்பு அவர் குதித்திறங்கிய அதே விமானம் அது. குதித்து அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. இச்செய்தியை முதலில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. குதித்தவர் விமானத்துக்கு வெகுகீழே அல்லவா இருந்திருக்க வேண்டும்? விமானம் அவரை எப்படி எட்டிப் பிடித்தது? விடை தேடப் போனால், சிறகு கட்டிக்கொள்ள மனிதன் பட்ட பாட்டின் வரலாற்றில் அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

விங்சூட் என்பது கைகளுக்கும் விலாவுக்கும் இடையிலும், இரு கால்களுக்கு இடையிலும் துணிச்சவ்வு வைத்துத் தைத்த முழு உடை. வௌவாலின் சவ்வை நினைத்துக்கொள்ளலாம். வேகத்தில் காற்று உட்புகுந்து துணி உப்பி விறைக்க, உடலே இறக்கையாகிவிடுகிறது. ஆனாலும் தரையைத் தொட அவரும் கடைசியில் பாராசூட்டைத்தான் விரித்தாக வேண்டும்.

இதன் முன்னோடிகளின் கதைகள் பெரும்பாலும் சாவில் முடிந்தவை. கித்தான் சிறகுகளோடு கண்காட்சிகளில் குதித்துப் புகழ்பெற்ற அமெரிக்கர் கிளெம் சோன், 1937இல் பாரிஸை அடுத்த வென்சேனில் பாராசூட் விரியாமல் இறந்தார். மரச்சிறகு பூட்டிய பிரெஞ்சுக்காரர் லியோ வாலந்தான், 1956இல் லிவர்பூலில் விமானத்தை விட்டு வெளியேறும்போதே சிறகு மோதி உடைந்து வீழ்ந்தார். இன்றைய விங்சூட்டுக்கு 1990களில் வடிவம் தந்த பாத்ரிக் த கயார்தோன், 1998இல் ஹவாயில் மறைந்தார். பாராசூட் பையில் தானே செய்த மாற்றத்தில் நேர்ந்த தையல் பிழையே அவருக்கு எமனாயிற்று.

இவர்கள் எல்லோரும் தனியர்கள். அவர்களுக்குப் பகை அவரவர் கருவியே. பிழை நேர்ந்தால் உயிர் போவதும் பிழை செய்தவருக்குத்தான். சுற்றியிருந்த வானத்தில் வேறு எவரும் இல்லை.

1999இல் இந்நிலை மாறத் தொடங்கியது. பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் தொடங்கிய பேர்ட்மேன் நிறுவனம், விங்சூட்டை விலைகொடுத்து வாங்கிப் பயிற்சி பெற்றுப் பறக்கக்கூடிய பொருளாக்கியது. சாகசக்காரரின் தனிச்சொத்து பலருக்கும் பொதுவாயிற்று. விங்சூட்காரர் இப்போது மற்ற ஸ்கைடைவர்களோடு ஒரே விமானத்தில் ஏறினார். பாதுகாப்பு என்பது தன் உயிரைப் பற்றிய கணக்கு மட்டுமாக இருந்தது போய், பிறர் உயிரையும் சேர்த்த கணக்கானது.

ஸ்கைடைவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. பதின்மூன்றாயிரம் அடி உயரத்தில் விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்துச் செல்லும். குழுக்கள் சில விநாடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் குதிக்கும். வயிறு கீழாகப் படுத்த நிலையில் விழுபவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். தலைகீழாக விழுபவர் அதனினும் வேகமாக இறங்குவார். மெதுவாக விழுபவரைக் காற்று அதிகம் தள்ளும். அவர் பின்னால் குதித்தால், முன்னால் வேகமாக விழுந்தவரின் தலைக்கு மேல் வந்து சேரக்கூடும். ஆகவே மெதுவானவர் முதலில், வேகமானவர் பின்னால் என்பது பொது வழக்காயிற்று. இக்கணக்கு முழுவதற்கும் அடியில் சொல்லாமலே ஏற்றுக்கொண்ட ஓர் ஊகம் இருக்கிறது: காற்று தள்ளுவது போக, எல்லோரும் நேராகக் கீழேதான் விழுவார்கள்.

விங்சூட் உடைத்தது அந்த ஊகத்தைத்தான். அதை அணிந்தவர் ஓரடி இறங்குவதற்குள் இரண்டடிக்கு மேல் முன்னே செல்கிறார். பாராசூட் விரிப்பதற்குள் ஐந்தாறு கிலோமீட்டர் கடந்துவிட முடியும். மற்றவர் ஒரு நிமிடத்தில் விழும் உயரத்தை இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு இறங்குகிறார். அதற்குள் முன்னால் குதித்தவர்களின் பாராசூட்டுகள் விரிந்து தொங்கிக்கொண்டிருக்கும். பயிற்சியாளரோடு பிணைக்கப்பட்டு முதன்முதலாகக் குதித்த ஒருவரும் அங்கே இருக்கலாம். அவர்களால் சட்டென விலக இயலாது. விலக வேண்டியவர் சிறகுள்ளவரே.

இதற்கென உருவான நெறிகள் எளியவை. மெதுவாக இறங்குபவர் முதலில் என்ற பழைய கணக்குப்படி விங்சூட்காரர்தான் முதலில் குதிக்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் அவர் கடைசியாகக் குதிக்கிறார். மற்றவர்கள் விழும் கோட்டை விட்டு விலகிச் சென்று, வேறிடத்தில் பாராசூட் விரித்துத் திரும்பிவர அவரால் முடியும் என்பதே காரணம். விமானத்தின் வாலைக் கடக்கும்வரை அவர் சிறகை விரிக்கலாகாது. கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. அமெரிக்க பாராசூட் சங்கம், குறைந்தது 200 முறை குதித்த அனுபவம் இல்லாதவர் இவ்வுடையை அணியக் கூடாது என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பக்கம் திரும்பி எவ்வழியே பறக்கப்போகிறோம் என்பதைத் தரையிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். விமானிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பூலோக்கின் புதிர் அவிழ்கிறது. எல்லோரும் குதித்தபின், அடுத்த குழுவை ஏற்ற விமானம் விரைந்து கீழிறங்கும். சாதாரண ஸ்கைடைவர் அதற்குள் வெகுதூரம் கீழே போயிருப்பார். விங்சூட்காரரோ மெதுவாக இறங்கிக்கொண்டு, விமானத்தின் அக்கம்பக்கத்து வானிலேயே இருப்பார். பிலாட்டஸ் போன்ற சிறுவிமானம் செங்குத்தாகச் சரியும்போது அவர் உயரத்துக்கு எளிதில் வந்துவிடும். விமானியும் பறப்பாளர்களும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளாதது வழக்கில் முக்கியமாக எடுத்துரைக்கப்பட்டது. இறந்தவர் இருந்திருக்கக் கூடாத பாதையில் இருந்தார் என்பது விமானியின் வாதம். 2024இல் மோந்தோபான் நீதிமன்றம் விமானியைக் குற்றவாளி எனத் தீர்த்து, ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது.

அந்த வாதத்தை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பறந்தவர் மனத்தில் ஒரு பாதை இருந்திருக்கும். விமானி மனத்திலும் ஒன்று இருந்தது. இரண்டும் ஒரு சொல்லால்கூட ஒன்றையொன்று சந்திக்கவில்லை, வானில்தான் சந்தித்தன. நிலத்தில் நாம் பேசாவிட்டாலும் நமக்காக வரப்பு பேசும். இது உன் வயல், அது என் வயல் என்று சொல்லும். வானத்தில் மண்ணெடுத்து வரப்பு கட்ட இயலாது. புறப்படும் முன் தரையில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இரண்டு வாக்கியங்கள்தாம் அங்கே வரப்பு.