தில்லனாய் கோட்டைக்கு ஒரு சனிக்கிழமை

எனக்கு ஊர் தோவாளை. பூ மார்க்கெட் ஊர்னு சொன்னா உங்களுக்குத் தெரியும். போன வருஷம் வேலை விஷயமா எட்டு மாசம் நெதர்லாந்துல இருந்தேன். சனிக்கிழமை ஆனா டிராம் ஏறி ஊர் நடுவுல இறங்கி, பழைய கட்டடம், மியூசியம்னு சுத்துவேன். பாஷை தெரியாத ஊர்ல மனுஷங்களோட பேசுறது கஷ்டம். கட்டடங்களைப் பார்க்க பாஷை வேண்டாம்.

ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய தலைமையகம் இன்னும் நிற்கிறது. இப்போ அது பல்கலைக்கழகக் கட்டடம். அதன் முற்றத்தில் நின்னப்போதான் ஒண்ணு தோணுச்சு. இந்தக் கம்பெனியில வேலை பார்த்த ஒருத்தர் எங்க பக்கம் வந்து, திரும்பிப் போகவே இல்லையே! வெளிநாட்டுக்காரரா அவர் நம்ம ஊர்ல எப்படி வாழ்ந்திருப்பார்? ஊருக்குத் திரும்பின முதல் சனிக்கிழமையே கிளம்பிட்டேன்.

அவர் பேர் யூஸ்டேஷியஸ் டி லனாய். வேலை டச்சுக் கம்பெனியில். ஆனா பிளாண்டர்ஸ் பக்கத்துக் கத்தோலிக்கர். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். டி லனாய் கைதியானார். "ஐரோப்பியரை ஆசியாவில் தோற்கடித்த முதல் போர்"னு உங்க ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு வந்திருக்கும். அது சரியில்லை. 1662-லேயே தைவானில் செங் செங்கோங் என்ற சீனத் தளபதி இதே டச்சுக்காரர்களை விரட்டிட்டார். குளச்சலில் எனக்கு ஆச்சரியமா இருக்கிறது போருக்கு அப்புறம் நடந்ததுதான். கைதியா வந்தவர் ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, அந்தப் படைக்குத் தலைவராகவும் ஆனார். ஊர்க்காரங்க 'வலிய கப்பித்தான்'னு கூப்பிட்டாங்க.

நாகர்கோவில் போய், அங்கிருந்து தக்கலை பஸ். புலியூர்க்குறிச்சியில் இறங்கினா ரோட்டோரமே உதயகிரிக் கோட்டை. ஒரு காலத்தில் இதுக்குத் தில்லனாய் கோட்டைன்னே பேர். ஏற்கெனவே இருந்த மண் கோட்டையை 1740-களில் அவர் மேற்பார்வையில் கல்லால் எடுத்துக் கட்டினாங்க. சுமார் 90 ஏக்கர், உள்ளேயே ஒரு குன்று. சுவர் 18 அடி உயரம். அகலம் சராசரியா 15 அடி. உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணு! இன்ஜினியர் கண்ணுக்கு இது உடனே படும். இது ஏணி வெச்சு ஏறுறவனைத் தடுக்கிற சுவர் இல்லை, பீரங்கிக் குண்டை வாங்கிக்கிற சுவர். உள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறையும் இருந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. (திங்கள்கிழமை போயிடாதீங்க, லீவு.) இடம் தமிழ்நாடு, பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. 1956-ல் எல்லை மாறினதோட மிச்சம் இது. கோட்டையில எல்லாம் கல். இங்க எல்லாம் மரம். பூமுகத்தில் நிமிர்ந்து பார்த்தா கூரையில் 90 விதப் பூ செதுக்கியிருக்காங்க. தோவாளைக்காரன்கிறதால கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தேன். தரையோ கண்ணாடி மாதிரி. சுண்ணாம்பு, எரிச்ச சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரைன்னு சொல்றாங்க. டி லனாய் ராஜா முன்னால் சரணடையும் ஓவியமும் இங்கதான் இருக்கு. இன்டர்நெட்டில் நாம எல்லாரும் பார்க்கிற படம் அதுதான். அவரோட 36 வருஷ வாழ்க்கையில் அது ஒரே ஒரு நாள்.

மீதி வாழ்க்கைக்குத் திரும்பவும் கோட்டைக்குள்தான் போகணும். இடிஞ்ச தேவாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கு. கல்லில் லத்தீனும் தமிழும். வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குது லத்தீன் வாசகம். கிட்டத்தட்ட 37 வருஷம் ராஜாவுக்குச் சேவை செய்தார், காயங்குளம் முதல் கொச்சி வரைக்கும் உள்ள நாடுகளைப் பணிய வைத்தார், 1777 ஜூன் 1 அன்று இறந்தார்னு சொல்லுது. இந்த ராஜ்யத்துக்காக அவர் மகன் யோஹன்னஸும் செத்தான். 1765, களக்காட்டுச் சண்டை, வயசு 19.

அந்தக் கல் சொல்லாத ஒரு பேர் இருக்கு. அதுக்குத்தான் சாயங்காலம் தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போனேன். நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை, அரசு அதிகாரி, டி லனாயின் நண்பர். அவர் மூலமா கிறிஸ்தவத்தைத் தெரிஞ்சுக்கிட்டு 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் அனுபவிச்சு, 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்னு திருச்சபை சொல்லி, 2022-ல் புனிதராக அறிவித்தது. காரணம் மதம் இல்லைன்னு வாதாடுற வரலாற்றாளர்களும் இருக்காங்க. ஆனா தண்டனை கொடுத்த அரசு, டி லனாய் வேலை பார்த்த அதே அரசு. அதுக்கப்புறமும் அவர் 25 வருஷம் அதே வேலையில் இருந்தார்.

நெதர்லாந்துல என் விசா கம்பெனியோட கட்டிப் போட்டிருந்தது. ஆபீஸ்ல கண் முன்னால ஒரு சக ஊழியருக்கு அநியாயம் நடந்தப்போ நான் வாயைத் திறக்கலை. அவருக்கு நடந்தது வெறும் வேலை இழப்பு; இங்க போனது உயிர். ரெண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாது. ஆனாலும் காற்றாடிமலையில் நின்னப்போ அவர் ஞாபகம்தான் வந்தது. கோட்டைச் சுவரைப் பார்க்கிறப்போ கட்டினவரோட திறமை தெரியுது. அந்தச் சுவருக்கு உள்ளே இருந்து அவர் எதையெல்லாம் பொறுத்துக்கிட்டார்னு யோசிக்க, இந்த மலைக்கும் வரணும்.

அதனால உதயகிரி போனா, அதே நாளில் ஆரல்வாய்மொழியும் வந்துடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.