பார்வையற்ற பெற்றோரின் குடும்ப வாழ்க்கை

பார்வையற்ற பெற்றோர் வீட்டு வேலைகளையும் பிள்ளை வளர்ப்பையும் தொடுதல், ஓசை, மணம், நினைவு ஆகியவற்றைக் கொண்டே நடத்துகின்றனர். இதற்கு அடிப்படை, எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது. உதவிக்கு வந்த உறவினர் உப்புச் சாடியை இடம் மாற்றிவிட்டால் அன்றைய சமையலே தடுமாறும்.

அரிசிக்கு மேல் நிற்கும் தண்ணீரை விரற்கணுவால் அளக்கின்றனர். எண்ணெய் காய்ந்ததைக் கடுகு வெடிக்கும் ஓசையும், வெங்காயம் வதங்கியதை மணமும் சொல்லிவிடும். மாத்திரை அட்டையில் ரப்பர் பேண்டு ஒன்றிருந்தால் காலைக்கு, இரண்டிருந்தால் இரவுக்கு என்று குறித்துக்கொள்வோர் உண்டு. ரூபாய்த் தாள்களை நீளத்தாலும், 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ளவற்றின் ஓரத்திலுள்ள புடைப்புக் கோடுகளாலும் பிரித்தறியலாம். 100க்கு நான்கு கோடுகள், 500க்கு ஐந்து.

கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டும்போது தாய் பாலாடை பிடித்த கையின் ஒரு விரலைக் குழந்தையின் உதட்டோரம் வைத்து, அந்த விரலை ஒட்டிப் பாலாடையின் மூக்கைக் கொண்டுசெல்கிறார். மறுகை குழந்தையின் தலையைத் தாங்கியிருக்கும். விழுங்குவது கையில் தெரிந்த பிறகே அடுத்த வாய். தவழும் பருவத்தில் சலங்கைக் கொலுசு குழந்தை இருக்குமிடத்தைக் காட்டுகிறது. கொலுசுச் சத்தம் நின்றுவிட்டால் உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

பிள்ளை பெற்ற பிறகு பார்வை இழப்போரின் நிலை வேறு. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பாதிக்கப்பட்டோரில் சிலருக்குப் பார்வை பறிபோனது. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இப்படி நடுவயதில் பார்வை இழந்தவருக்கு வெண்கோல் பிடித்து நடப்பது முதல் எல்லாமே புதுப் பாடம். மேடுபள்ளமான பாதைகளும் சிதறிய சிற்றூர்களும் கொண்ட, அதே மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இது இன்னும் கடினம். பயிற்சி வீட்டு வாசலுக்கே வர வேண்டிய இடம் இது.

பள்ளி அனுப்பும் கையெழுத்துத் தகவலைவிடக் குரல் பதிவு பார்வையற்ற பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி இன்றைய கைப்பேசிகளில் தமிழிலும் உண்டு. பிள்ளை அவ்வப்போது கைபிடித்து அழைத்துச் செல்வது இயல்பு. அதற்காகப் பள்ளியை விட்டு நிற்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

பெற்றோரின் ஊனத்தைக் காரணமாக்கிக் குழந்தையை அவர்களிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு. இந்தியா அதை 2007இல் ஏற்றது.