மூன்று பத்திக்கு வந்த சோதனை

1994 அக்டோபர். ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஹோக்கன் வியும் லீ, இணையப் பக்கங்களை அலங்கரிக்க ஒரு யோசனை சொன்னார். நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றையும் தனியே எழுதிவைக்கலாம் என்றார். டச்சுக்காரரான பெர்ட் போஸ் கைகோத்தார். 1996 டிசம்பரில் அந்த யோசனை சி.எஸ்.எஸ். என்ற பெயரில் அரங்கேறியது. ஆனால் செய்தித்தாள் போலப் பக்கத்தைப் பத்தி பிரிக்க அதில் நேர்வழி இல்லை.

வடிவமைப்பாளர்கள் காத்திருக்கவில்லை. புள்ளிவிவரம் போட இருந்த அட்டவணையைப் பிடித்து, கோடுகளை மறைத்து, முழுப் பக்கத்தையும் அதற்குள் அடைத்தார்கள். இந்தத் தந்திரத்தைப் புத்தகம் போட்டுப் பரப்பிய டேவிட் சீகல், இணையத்தைக் கெடுத்ததே நான்தான் என்று 1997இல் கட்டுரை எழுதினார். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது.

அடுத்து மாட்டியது சி.எஸ்.எஸ்ஸில் இருந்த ஃப்ளோட். படத்தை ஓரங்கட்டி எழுத்தை அதைச் சுற்றி ஓடவிடத்தான் அது பிறந்தது. அதை வைத்துப் பத்தி கட்டியபோது ஒன்று நீண்டது, இன்னொன்று குட்டையானது. பக்கத்தின் அடிப்பகுதி மேலேறி நடுவில் வந்து நின்றது. 2005இல் போஸ் ஒரு மாற்று வழி வைத்தார்: அ, ஆ, இ என்பதுபோல எழுத்துகளை வரிசையாக அடுக்கிப் பக்கத்தின் வரைபடத்தையே எழுதிவிடலாம். பிரவுசர்கள் அதைச் சீந்தவில்லை. 2007இல் ஐபோன் வந்து திரையை உள்ளங்கைக்குள் சுருக்கியபோது, உள்ள வித்தைகளும் திணறின.

கைகொடுத்தது யாரும் எதிர்பாராத இடம். வடிவமைப்பாளர்கள் கரித்துக்கொட்டிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான், 2012இல், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் முதலில் வந்தது. விண்டோஸ் 8 செயலிகளுக்காக மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கியிருந்தது. மற்ற பிரவுசர்களில் அதை எழுத ஆள் வேண்டும், பணம் வேண்டும்.

பணம் நியூயார்க்கின் புளூம்பெர்க் நிறுவனத்திடமிருந்து வந்தது. குரோமுக்கும் சஃபாரிக்கும் வேண்டிய நிரலை ஸ்பெயினின் இகாலியா நிறுவனம் எழுதியது. போஸின் எழுத்து வரைபடமும் கிரிட்டுக்குள் இடம்பிடித்தது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் கிரிட்டோடு வெளிவந்தன.

அதன் பலனைப் பார்க்க ஒரு செய்தி போதும். 2024 ஜூலை 11. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் தாய்க்கப்பலாக சான் பெர்னாண்டோ என்ற சரக்குக் கப்பல் வந்தது. கரையில் நின்றவர்கள் அந்தச் செய்தியைக் கைபேசியில் ஒரே பத்தியாகப் பார்த்திருப்பார்கள். திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க் அலுவலகங்களில், மேசைக் கணினிகளில் அது பல பத்தியாக விரிந்திருக்கும். இப்படி விரிய கிரிட்டில் ஒரு வரி போதும்: பத்திக்குக் குறைந்தது 300 பிக்சல், இடமிருந்தால் இன்னொன்று. 360 பிக்சல் கைபேசியில் ஒன்று, 1,000 பிக்சல் திரையில் மூன்று. சி.எஸ்.எஸ். பிறந்தபின் அந்த ஒரு வரி எல்லா முக்கிய பிரவுசர்களிலும் வந்துசேர 20 ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருந்தது.