கல்கத்தாவில் பிடிபட்ட நஞ்சு

ஊர் ஊராகச் சுடுகாடாக்கிய நோய் காலரா. காலையில் ஏர் பிடித்தவன் மாலையில் பிணம்! வங்கத்து இந்துக்கள் அதனை ஓலாதேவியின் சீற்றம் என்றனர். முஸ்லிம்கள் ஓலாபீபி என்றனர். பெயரில்தான் பேதம், அச்சத்தில் பேதமில்லை. பூசையும் படையலும் குறைவின்றி நடந்தன. சாவும் குறைவின்றி நடந்தது!

ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக், எகிப்தில் தொடங்கிய தேடலைக் கல்கத்தாவில் தொடர்ந்து, காற்புள்ளிபோல் வளைந்த கிருமியே காரணம் என்று 1884-இல் அறிவித்தார். மேல்நாடு உடனே ஒப்பியதா? மியூனிக் நகரின் புகழ்பெற்ற சுகாதார மேதை பெட்டன்கோஃபர், 1892-இல் அக்கிருமி வளர்த்த நீரையே குடித்துக் காட்டினார்! சிறு வயிற்றுப்போக்கோடு பிழைத்தும் கொண்டார். பிடிவாதம் கோயில் வாசலில் மட்டுமா குடியிருக்கிறது?

கொலையாளி யார் என்பது தெரிந்தது. கொல்லும் வகை? அதற்கு விடை கிடைக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. கிருமி நஞ்சைச் சுரக்கிறது என்று காக் கருதினார், மெய்ப்பிக்க இயலவில்லை. செத்த கிருமியின் உடலிலிருந்து கசியும் நஞ்சே குடலைச் சிதைக்கிறது என்று பின்வந்தோர் பலர் எண்ணினர்.

கல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் நிறைந்து உப்பியது. பின்னர், கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியை அறவே நீக்கி, அந்நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது! கிருமி வெளியே சுரந்துவிடும் நஞ்சே நோயை விளைக்கிறது என்பது 1959-இல் உலகுக்குத் தெரிந்தது. அவரை நோபல் கருத்தரங்கு ஒன்று அழைத்ததோ, அவர் ஓய்வு பெற்றபின், 1978-இல்தான்!

அந்நஞ்சு குடலின் உயிரணுக்களுள் புகுந்து, உப்பை ஓயாமல் வெளியேற்றச் செய்கிறது. உப்பின் பின்னே நீர் ஓடுகிறது. கடும் நோயில் மணிக்கு 1 லிட்டர் வரை! குருதி கெட்டிப்படுகிறது, நாடி தளர்கிறது, சில மணி நேரத்தில் உயிரும் போகிறது.

ஆனால், சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழியை நஞ்சு அடைப்பதில்லை. இவ்வுண்மை 1960-களில் தெளிவாயிற்று. 1971-இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த எல்லையூர் முகாமொன்றில், நரம்புவழி ஏற்றும் நீர் தீரத் தொடங்கியபோது, திலீப் மகலானாபிஸ் என்னும் மருத்துவர், உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். செவிலியர் போதவில்லை. நோயாளிகளின் உறவினரே குவளையில் பிடித்துச் சென்று புகட்டினர். நூற்றுக்கு 30 பேர் வரை மடிந்துகொண்டிருந்த அங்கே, சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது.