திண்டுக்கல் மாநகரும் அதன் பழந்தெருக்களும்

பாண்டிநாட்டின் வடபால், சிறுமலையை அணித்தாகக் கொண்ட சமவெளியில், தனிப் பெரும்பாறையாய் எழுந்து நிற்பது திண்டுக்கல் மலை. திண்டு போன்ற கல் ஆதலின் ஊர் இப்பெயர் பெற்றது என்பர். சைவ நன்மக்கள் அதனைப் பதுமகிரி எனப் போற்றுவர். அம்மலைப் பெருமான்மீது பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் தென்றல்விடு தூது பாடினார், டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் அதனை 1932-ல் அச்சேற்றினார்கள். ஊரின் பெயரும் புலமையும் பத்தியும் இம்மலையினையே வேராகக் கொண்டு தழைத்தன என்க.

இம்மலை படைக்கோட்டையாயினமை நாயக்க மன்னர் காலத்ததாகும். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் தொடங்கிய அரணைத் திருமலை நாயக்கர் வலியுறுத்தினார். 1755-ல் ஐதர் அலி மைசூரின் சார்பில் ஈண்டுத் தலைமை பூண்டார். பின்னர் 1767, 1783 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் கைப்பற்றியும் நிலைபெறாத கோட்டை, 1790-ல் மீண்டும் அவர் வயமாயிற்று. 1792-ல் உடன்படிக்கையால் நாடும் அவர்க்குரியதாயிற்று.

இப்போர்க்காலத்தே மலைமேல் எழுந்தருளியிருந்த பதுமகிரீசுவரரும் அபிராமியம்மையும் கீழே நகரக் கோயிலுக்குக் கொணரப் பெற்றனர் என்பது வழிவழி வழங்கும் செய்தி. இன்றும் அக்கோயிலிற் காளத்தீசுவரர் ஞானாம்பிகையுடனும், பதுமகிரீசுவரர் அபிராமியம்மையுடனும் ஒருங்கு விளங்குதல் காணலாம். மலைமேற் கோயிலோ திருவுருவமின்றி நிற்கின்றது. மலையை விட்டு இறங்கிய பெருமானை ஏற்றுக்கொண்டவை நகரின் வீதிகளேயாம். ஆதலின் இவ்வூர் வரலாற்றைக் கற்பார் மலைமேல் உள்ள மதிலோடு நின்றுவிடாது தெருக்களையும் கற்றல் வேண்டும்.

தெருப்பெயர் கல்வெட்டினை ஒப்பது. இரத வீதி என்னும் பெயர், அத்தெருவின் அகலத்தை வகுத்தது வண்டிப் போக்குவரத்தன்று, தேரே என்பதை உணர்த்தும். பேகம்பூர் என்னும் பெயர், ஆண்டு அடக்கமாகிய ஐதர் அலியின் சகோதரியை நினைப்பூட்டும். நாகல்நகர் என்றவுடன் பூட்டுத்தொழிலாளர் கைத்திறன் நினைவிற்கு வரும். அத்தொழிற் பூட்டிற்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சமயத்தாலும் தொழிலாலும் வேறுபட்டோர் ஒரு மலையின் நிழலில் கூடி வாழ்ந்தமைக்கு இப்பெயர்களே சான்று.

இனி, மாற்றம் வந்த வழியைக் காண்போம். 1866-ல் நகரவை தோன்றிற்று, 1875-ல் இருப்புப்பாதை வந்தது, 1985-ல் ஊர் மாவட்டத் தலைநகராயிற்று, 2014-ல் மாநகராட்சியாயிற்று. வளர்ச்சி வேண்டற்பாலதே. ஆயின் வளரும் நகரங்களிலெல்லாம் நிகழ்வது யாது? ஓட்டு வீடுகளின் திண்ணைகள் கடைமுகப்புக்களாகின்றன. பழைய தளத்தைப் பெயர்க்காது மேன்மேலும் சாலையிடுதலால், படியேறிப் புக வேண்டிய பழமனைகளுள் படியிறங்கிப் புக நேர்கின்றது. நீண்ட தாழ்வாரங்களும் மின்கம்பிகளும் தேர்வழியைச் சுருக்குகின்றன.

மலைக்கோட்டை தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. 2010-ல் திருத்தப்பெற்ற சட்டத்தின்படி, காக்கப்பெற்ற சின்னத்தைச் சூழ 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் விலக்கப்பட்டது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டுதல் கூடும். அவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட தெருக்களுக்கு அச்சட்டக் காவல் இல்லை. இறைவன் நீங்கிய மலைக்குக் காவல் உண்டு. அவன் உலாப் போதரும் வீதிக்கு அஃதில்லை. இந்நிலை சிந்திக்கத்தக்கது.

தெரு மக்கள் நடத்தற்குரியதன்றோ, அதனை ஏன் போற்றவேண்டும் என்பாரும் உளர். கோயிலுட் சென்று தொழமாட்டாத முதியோர்க்கும் பிணியாளர்க்கும் தன் அருளால் வாயிலில் வந்து காட்சி நல்குதற்கே பெருமான் எழுந்தருளுகின்றான். அவ்வகையில் வீதியும் கோயிலின் ஓருறுப்பேயாம். வீதி குறுகின் விழாக் குறுகும். விழாக் குறுகின் ஊரார் ஒன்றுகூடும் வாய்ப்பும் குறுகும்.

செய்தற்குரியன அரியன அல்ல. தெருப்பெயர்களையும் அவற்றின் காரணங்களையும் முதியோர்பாற் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். இடிக்கப்படும் மனைகளை முன்னரே அளந்து படமெடுத்தல் வேண்டும். பழந்தளத்தைப் பெயர்த்த பின்னரே சாலையிடுதல் வேண்டும். தேரின் அகலத்தினும் உயரத்தினும் தடை புகாவாறு காத்தல் வேண்டும். அரசினர் சட்டம் வரும்வரை காத்திராது, அவ்வீதிகளில் வாழும் அன்பரே இவற்றைத் தொடங்கலாம். முன்னோர் போர்க்காலத்தும் திருவுருவைக் காத்து நமக்களித்தனர். அமைதிக் காலத்து வாழும் நாம் அவ்வுரு உலாவரும் வழியையேனும் காத்தளித்தல் கடனாம்.